தலை பிடிக்கிறவள்

பசறையிலிருந்து நமுனுகுல பக்கமாக ஏறுகிற பாதையில், மலையின் இடுப்பளவில் இருக்கிற ஒரு தோட்டம் அது. அங்கே ரெங்கம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கொஞ்சம் வயதான யாரிடமாவது அவளைப் பற்றிக் கேட்டால், பதில் வருவதற்கு முன்னால் கை கன்னத்துக்குப் போகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பல் பிடுங்கும்போது ஆட்களின் தலையைப் பிடித்துக்கொள்வதுதான் அவளுடைய வேலையாக இருந்தது. பிடுங்கியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பிடித்தவள் கடைசிவரைக்கும் அவள் ஒருத்திதான்.

அந்த வேலை அவளுக்கு அப்பாவின் கடைவாய்ப் பல்லால் வந்தது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல முறுக்கேறிய உடம்பு. ஒரு கிழமையாக வலியோடு கிடந்தார். கராம்பு வைத்தார், புகையிலையைத் திணித்தார், முகம் ஒரு பக்கம் பலாக்காய் மாதிரி வீங்கியதும் டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். குறடு பல்லில் பட்டதும் அவர் உதறிய உதறலில், பிடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆம்பளைகளும் சுவரில் போய் மோதினார்கள். வாசலில் நின்ற ரெங்கம்மா உள்ளே போனாள். அப்போது அவளுக்குக் கொழுந்து எடுக்கிற வயது, கூடை சுமந்த தோள். அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்று, இடது கையை அப்பாவின் நெற்றிக்குக் குறுக்கே போட்டு, வலது உள்ளங்கையை நாடிக்குக் கீழே கொடுத்து, அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“அப்பா, நான்தான். கண்ண மூடிக்க. நம்ம பசு எந்தப் பக்கம் மேயப் போச்சு, சொல்லு?”

அப்பா பசுவைப் பற்றி யோசித்தாரோ என்னவோ, ஒரு நொடி அடங்கினார். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

டிஸ்பென்சரியில் அப்போது இருந்தவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரையா. இரத்தம் படிந்த குறடைத் தட்டில் வைத்துவிட்டு ரெங்கம்மாவைப் பார்த்தார்.

“உனக்குக் கை நடுங்கேல்லையே, பிள்ளை?”

“இல்லங்கய்யா.”

“எனக்கு நடுங்கினது,” என்றார் அவர்.

அடுத்த மாதமே துரையிடம் சொல்லி அவளை டிஸ்பென்சரிக்கு எடுத்துக்கொண்டார். கூட்டுவது, சுடுதண்ணீர் வைப்பது, மருந்துப் போத்தல் கழுவுவது எல்லாம்தான் வேலை என்றார்கள். ஆனால் பல் பிடுங்குகிற நாளில் அவள் வேறு எதையும் தொடமாட்டாள்.

அந்தக் கருவிகள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே வந்தவை. தேக்கு மரப்பெட்டி, உள்ளே தேய்ந்துபோன சிவப்பு வெல்வெட். மேற்பல்லுக்கு ஒரு குறடு, கீழ்ப்பல்லுக்கு ஒரு குறடு, கிளிமூக்கு மாதிரி வளைந்த ஒன்று, உடைந்த வேரைக் கிளப்புகிற நெம்பிகள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்க வைத்துத் துடைத்து வைப்பாள். பெட்டியின் அடியில் ஒன்று மட்டும் எப்போதும் எடுக்கப்படாமல் கிடந்தது. பழைய காலத்துக் கதவுச் சாவி போல ஒரு குறுக்குப் பிடி, நீண்ட கம்பி, நுனியில் ஒரு கொக்கி. அது என்ன என்று ஒருநாள் கேட்டாள்.

“அதுவும் பல்லுப் பிடுங்கிறதுதான். கொக்கியைப் பல்லிலை கொளுவிப்போட்டு, பூட்டுத் திறக்கிற மாதிரித் திருப்பிறது. பல்லோடை சேர்ந்து தாடையெலும்பும் உடைஞ்ச ஆக்கள் இருக்கினமாம்.”

“நீங்க பாவிச்சிருக்கீங்களாய்யா?”

“நான் மனுசன், பிள்ளை,” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடினார்.

மரத்துப்போகச் செய்கிற ஊசி மருந்து அந்த நாட்களில் எப்போதாவதுதான் வரும். வருகிற கொஞ்சமும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய காலுக்கும் கைக்கும் போய்விடும். பல்வலிக்காரர்களுக்கு ரெங்கம்மாதான் ஊசி. பின்னால் நின்று தலையை அணைத்துக்கொண்டு காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பாள். எத்தனை பிள்ளைகள், மூத்தவன் பேர் என்ன, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, கங்காணி இன்னும் அதே பழைய குடையைத்தான் பிடிக்கிறானா. சூடான மூச்சும் எச்சிலும் கண்ணீரும் அவள் கையில் வழியும். பல் எலும்பிலிருந்து கழலுகிற சத்தம் டாக்டரையாவுக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுடைய வயிற்றுக்குள் கேட்கும். தோட்டத்தில் பாதிப் பேரின் வலியை அவள் அப்படி வயிற்றால் கேட்டிருக்கிறாள்.

முடிந்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை அவளுடைய கையைத் தட்டிவிடுவது. பிறகு துப்பிவிட்டு, டாக்டரையாவைக் கும்பிட்டு, “புண்ணியமாப் போவீங்க சாமி” என்று குழறுவார்கள். அவள் பக்கம் திரும்பமாட்டார்கள். குறடு அவர்களுடைய கண்ணில் பட்டது ஒரு நிமிஷம்தான். அசையவிடாமல் இறுக்கியது அவளுடைய கை. அதனால் வலியும் அவளிடமிருந்தே வந்ததாக மனதில் பதிந்துவிட்டது.

லயத்து வரிசை வீடுகளில் சோறு தின்னாத பிள்ளைகளிடம் தாய்மார், “ரெங்கம்மாவக் கூப்புடவா?” என்பார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவள் குடத்தை வைத்தால் சின்னதுகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். தீபாவளிக்கு டொபி மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் தள்ளிக்கொள்வார்களே ஒழிய ஒருத்தரும் கிட்ட வரமாட்டார்கள். கடைசியில் அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால் டொபி இருக்காது.

ஒரே ஒரு முறை பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்து டிவிசன் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா படியேறி உள்ளே வந்தவள், காப்பித் தட்டோடு நின்ற ரெங்கம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாவின் கை மெதுவாக உயர்ந்து இடது கன்னத்தில் போய் நின்றது. ரெங்கம்மாவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது: கீழ்க் கடைவாய், இரண்டு வேர், நடுவில் உடைந்து நெம்பியால் எடுத்தது.  காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் தம்பிமாரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவளுக்கு இலங்கைப் பிரஜை என்று முடிவாகிவிட்டது, அவர்களுக்கு இந்தியா என்று. தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட அவள் பதுளை ஸ்டேசன் வரைக்கும் போனாள். அப்பா யன்னலால் தலையை வெளியே நீட்டினார். அந்தத் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. ரயில் அதற்குள் நகர்ந்துவிட்டது. கோத்தகிரியிலிருந்து சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதுளைக் கடைகள் எரிந்த பிறகு இரகுநாதனும் போய்விட்டார். லொறியில் சாமான் ஏற்றி முடித்தவர், சுவரோரம் நின்றவளைப் பார்த்து, “நீ தனிய என்ன செய்யப் போறாய் பிள்ளை?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிட்டார். அந்தக் கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

பின்னால் வந்தவர்கள் காலத்தில் ஊசி மருந்து ஒழுங்காக வரத் தொடங்கியது. ஆனால் வருகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். ஊசியைக் குத்திய கையோடேயே குறடை எடுத்துவிடுவார்கள். ஆட்கள் துடித்தார்கள், ரெங்கம்மா பிடித்தாள். பிறகு பாதை திருந்தி, ஆட்டோவும் ஆம்புலன்சும் தோட்டத்துக்குள் வந்ததும் டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள். அவள் லயத்து ஓரறைக் காம்பராவுக்குள் தன்னுடைய கைகளோடு திரும்பி வந்தாள். மழைக்காலச் சாயங்காலங்களில் ரேடியோவைப் போட்டுவிட்டு, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய உள்ளங்கைகள் தாமாகவே தலையணையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்படிப் பல வருஷம் போன பிறகுதான் தயானி வந்தாள். துரையின் பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். தயானி அதன் மனேஜர். மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவாள். பூட்டிக் கிடந்த டிஸ்பென்சரியைத் துப்புரவாக்கியபோது தேக்குப் பெட்டி அவள் கையில் அகப்பட்டது. அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, பக்கத்தில் அந்தச் சாய்வுக் கதிரையையும் போட்டிருந்தாள். யாரோ ரெங்கம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

“அக்கா, சனிக்கிழமையில மட்டும் வாங்களேன். கெஸ்ட்மார் கதிரையில இருப்பாங்க. நீங்க முந்திப் பிடிச்ச மாதிரி சும்மா பிடிச்சா போதும். போட்டோ எடுத்துக்குவாங்க.”

“பல்லு புடுங்கவா?”

“ஐயோ இல்லக்கா, சும்மா.”

ரெங்கம்மா போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் கதிரையில் சாய்ந்து வாயை ஆவென்று திறப்பார்கள். கூட வந்தவர் கண்ணாடி அலுமாரியிலிருந்து அந்தச் சாவி மாதிரியான பழைய கருவியை எடுத்து வாய்க்கு நேரே பிடிப்பார். ரெங்கம்மா பின்னால் நின்று தலையைப் பிடிப்பாள். சவர்க்காரமும் சென்ட்டும் மணக்கிற தலைகள். அவை நடுங்காது. அவளுடைய கைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் அவள் நேரத்தோடு குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். மற்ற ஆறு நாளும் அவளை ஒரு மனுசரும் தொடவில்லை, அவளும் ஒருத்தரையும் தொடவில்லை.

அந்த நாட்களில்தான் அவளுடைய கீழ்க் கடைவாய் வலிக்கத் தொடங்கியது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பா செய்த மாதிரியே கராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். ஒரு சனிக்கிழமை, நல்ல உயரமான ஒரு ஆளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதிரே போட்டோ எடுத்த பெண் கெமராவைத் தாழ்த்திவிட்டுத் தயானியிடம் ஏதோ சொன்னாள். தயானி வந்து பார்த்தாள். ரெங்கம்மாவின் ஒரு கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து, சிரித்துக்கொண்டிருந்த அந்த ஆளின் தலைமயிரில் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னக்கா இது? எத்தனை நாளா?”

“ஒண்ணுமில்லம்மா. பல்லுதான்.”

அவள் பல்வலியோடு பல் பிடுங்கும் நாடகத்துக்கு வந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் தயானிக்கு முகம் செத்துப்போயிற்று. திங்கட்கிழமை பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று சொல்லி, பஸ் ஏறுகிற இடம்வரைக்கும் ஹோட்டல் வேனையும் அனுப்பினாள்.

பசறைக்கூடாக வளைந்து வளைந்து இறங்குகிற பஸ்ஸில் ரெங்கம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை காலமும் பயம் எப்படி இருக்கும் என்று அவள் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். தலையைப் பிடிக்க அங்கே யார் இருப்பார்கள்? அவளுடைய யோசனை முழுக்க அதுவாகவே இருந்தது. குறடைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

பல் வைத்தியர் நிசாந்தினி இளம் பெண். யாழ்ப்பாணப் பேச்சு. வாயை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “கூட ஆர் வந்தது, அம்மா?” என்று கேட்டாள்.

“யாரும் வரல்லங்க மிஸ்.”

“சரி, பரவாயில்லை. இப்ப ஊசி போடுறன். போட்டாப் பிறகு வெளியிலை வாங்கிலை கொஞ்ச நேரம் இருங்கோ. நல்லா மரத்த பிறகு கூப்பிடுறன்.”

எறும்பு கடித்த மாதிரி இருந்தது. ரெங்கம்மா வெளியே வந்து, சுவரோரம் கிடந்த நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வெலிமடையிலிருந்து வந்த ஒருவர் லீக்ஸ் விலையைப் பற்றிப் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் உதடு தடித்தது, நாக்கின் பாதி காணாமல் போனது, கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள்.

கதிரை தானாகச் சாய்ந்தது. ரெங்கம்மா வாயைத் திறந்து, கண்ணை மூடி, பின்னாலிருந்து இரண்டு கைகள் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. நிசாந்தினி ஒரு கையால் வேலை செய்துகொண்டே தாதியிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ கேட்டாள். ஒரு அழுத்தம் தெரிந்தது. எங்கோ பக்கத்து வீட்டில் பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

“முடிஞ்சுது அம்மா. பஞ்சைக் கடியுங்கோ.”

தட்டில் பல் கிடந்தது. இரண்டு வேர், கறுப்பாக ஒரு பக்கம். ரெங்கம்மா அதையே பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

“நோகுதே அம்மா?” நிசாந்தினி கிட்ட வந்தாள்.

ரெங்கம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். பஞ்சோடு பேச வரவில்லை. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “வலிக்கவேயில்ல மிஸ்,” என்றாள். “இம்புட்டு நேரம் உக்காந்திருந்தாப் போதுமா? இவ்வளவுதானா?”

“ஓம் அம்மா. இவ்வளவுதான்.”

“அப்ப தலையப் புடிக்கத் தேவையில்லையா?”

நிசாந்தினிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. ஆனால் அவள் அவசரப்படுத்தவில்லை. வெளியே வரிசை இருந்தும் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். குழறின நாக்கோடு ரெங்கம்மா கொஞ்சம் சொன்னாள். டிஸ்பென்சரி, இரகுநாதன், அப்பாவின் பல், படிக்கட்டில் வைத்த டொபி. எல்லாம் முன்பின்னாக வந்தது. “அந்தப் போத்தல் மருந்தும் கொஞ்ச நேரமும் இருந்திருந்தா, ஒருத்தரும் என்னையப் பாத்துப் பயந்திருக்க மாட்டாங்க மிஸ்,” என்றாள் கடைசியில்.

 நிசாந்தினி புதுப் பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். “பேசாதேங்கோ, இரத்தம் வரும்,” என்று சொல்லிவிட்டு, ரெங்கம்மா எழும்பி நிற்கும்வரை அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ரெங்கம்மா பங்களாவுக்குப் போனாள். ஆனால் கதிரைக்குப் பின்னால் போய் நிற்கவில்லை.

“தயானிம்மா, இனி நான் வரல்ல. அந்தக் கதிரையில உக்காந்தவங்க எல்லாம் அழுதவங்க. அதுல உக்காந்து சிரிக்கிறதப் பாக்க எனக்கு ஏலல்ல.”

 தயானி அலுமாரியைப் பூட்டினாள். அன்றைக்கே கதிரையின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு கயிறு கட்டப்பட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது; இதை முன்பே யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஹோட்டல் பூந்தோட்டத்தில் பூ பறித்துத் தருகிற வேலை தரட்டுமா என்று கேட்டாள். ரெங்கம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமைகளும் அதற்குப் பிறகு மற்ற நாட்கள் போலவே ஆகிவிட்டன. நீண்ட, ஈரமான நாட்கள். அன்றைக்கு அப்படிச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமோ என்றுகூடச் சில நேரம் தோன்றியது.

அப்படி ஒரு நாள் பின்னேரம் பக்கத்துக் காம்பரா சுதர்ஷினி வாசலில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகளின் தாய். சின்ன வயதில் அவளுக்கும் ஒரு பல் டிஸ்பென்சரியில் போனது. இத்தனை வருஷம் சுவருக்குச் சுவர் இருந்தும் அவள் ரெங்கம்மாவின் வாசற்படியை மிதித்ததில்லை. கையில் கஞ்சிக் கோப்பை இருந்தது.

“பல்லு புடுங்குனீங்களாமே பெரியம்மா. வலிச்சிச்சா?”

“இல்லடி. ஒண்ணும் தெரியல்ல.”

“மெய்யா?”

“மெய்யாத்தான். ஊசி போட்டு வெளிய உக்கார வச்சாங்க. அப்புறம் கூப்பிட்டுப் புடுங்கினாங்க. கத பேசிக்கிட்டே புடுங்குது அந்தப் புள்ள.”

சுதர்ஷினி கோப்பையைக் கொடுத்துவிட்டும் போகவில்லை. படியில் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு வாயைத் திறந்து, உள்ளே விரலால் காட்டினாள். ஒரு பக்கம் முழுக்க அரித்துப் போயிருந்தது. ரெங்கம்மாவுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது, வருஷக் கணக்காக வலித்திருக்க வேண்டும்.

“ஏன்டி போகல்ல?”

சுதர்ஷினி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “பயம்,” என்றாள். “அன்னைக்கு நீங்க புடிச்ச புடி இன்னும் இருக்கு பெரியம்மா. கோவிக்காதீங்க.”

ரெங்கம்மா கோவிக்கவில்லை. கஞ்சியை ஒரு வாய் குடித்தாள். சூடாக, உப்புச் சரியாக இருந்தது. “எனக்கும் தெரியும்டி,” என்றாள். கொஞ்ச நேரம் இருவரும் மலையில் மூடுபனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் போனார்கள். ஊசி போட்டு வெளியே வந்த சுதர்ஷினி வாங்கில் உட்கார்ந்து, உதட்டைத் தடவித் தடவிப் பார்த்து, “பெரியம்மா, என் வாய் எங்க?” என்று கேட்டாள். ரெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயரைக் கூப்பிட்டதும் சுதர்ஷினி எழுந்து கதவுவரை போய், திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க உள்ள வராதீங்க. ஆனா இங்கேயே இருங்க.”

“இருக்கேன். போ.”

கதவு மூடிக்கொண்டது. ரெங்கம்மா சுதர்ஷினியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி முற்றத்தில் வெயில் ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.